டிரசர் கேட்கும் இரண்டாவது கேள்வி

மலேசியாவின் 1965 சட்டப்படி பதிவுபெற்ற எஸ்டேட் ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் நான். ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் டிரசர்தான்.

பிள்ளை இல்லை என்று வருவது பெரும்பாலும் மாமியாரும் மருமகளும். புருஷன் வருவதில்லை. அவனையும் கூட்டிவரச் சொல்லிவிட்டுத்தான் அட்டையே எழுதுவேன். "என்ன வேலை?" என்றால் "செம்பனை வெட்டு" என்பான். அதில் ஒன்றும் தெரியாது. "சாயங்காலம் என்ன செய்றே தம்பி?" என்ற அடுத்த கேள்விதான் முக்கியம்.

இப்படிக் கேட்டபோது ஒருவன் சொன்னான்: பழைய கார் பேட்டரியை லயத்துக்குப் பின்னால் உடைத்து, ஈயம் காய்ச்சி, வீச்சுவலைக்குக் குண்டு வார்க்கிறானாம். புகைக்குத்தான் அவன் பயந்தான். ஆனால் ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தச் சூட்டில் ஆவி அதிகம் வராது. உடைத்த தகட்டிலிருந்து உதிரும் பொடியும், சட்டியில் வழித்துப் போடும் கசடும்தான் மோசம். நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதே கையால் ரொட்டி சானாய், அதே கையால் சிகரெட். சிகரெட்டில் காட்மியம் வேறு.

தோட்டத்தில் எல்லாப் பழியும் களை மருந்துக்குத்தான். பழி வீண் என்று சொல்லமாட்டேன். லாலாங் புல்லுக்கு அந்தக் காலத்தில் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள், அது ஆர்சனிக். பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் நாடே தடை செய்தது. ஆனால் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆம்பிளையின் விஷம் வேறிடத்தில் இருக்கலாம் என்று யாரும் தேடுவதில்லை.

விந்தணுவின் மரபுப்பொருளை இறுக்கிக் கட்டும் புரதத்துக்குத் துத்தநாகம் வேண்டும். அந்த இடத்தில் ஈயம் போய் உட்காரும். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டினால் எண்ணிக்கையும் ஓட்டமும் குறையும். இரத்தத்திலிருந்து பாதி ஈயம் போக ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது பல வருஷம் கிடக்கும்.

அதனால் இரத்தத்துக்கும் விந்துக்கும் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சட்டியை ஒதுக்கி மூன்று மாதம் கழித்து விந்தை மறுபடியும் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். ஒரு விந்தணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல் ஆகிறது.

"அதுவரைக்கும் மருமகளுக்கு ஏதாவது மாத்திரை தாங்கய்யா" என்றார் மாமியார். அவன் சட்டையை உதறித் துவைப்பவள் அந்த மருமகள்தான். அவள் பேருக்கும் ஓர் இரத்தச் சீட்டு எழுதினேன்.