ஆயாம்மாவுக்கு, உங்களிடம் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை எழுதுவது

அன்புள்ள ஆயாம்மா,

உங்களுக்கு வாசிக்க வராது என்று தெரியும். பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊரும் கேட்கட்டும் என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டு ஊர் நம்முடையது. மழை பொய்த்தால் கம்பும் கிடையாது, பருத்தியும் கிடையாது. அப்போதெல்லாம் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நிற்கும். தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போகும் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறுவார்கள். நான் அதில் ஏறாமல் போனதற்கு உங்கள் அடுப்புதான் காரணம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் ஒன்றாம் வகுப்பு. மத்தியானச் சோறு நிச்சயம் என்ற தைரியத்தில்தான் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

அதற்கு முன்பும் ஊரில் அன்னதானம் இருந்தது. பருத்தி வியாபாரி வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் புளியோதரை கொடுப்பார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா நல்ல மனுஷி. பின்வாசலில் வரிசையாக நிற்கவைத்து, "நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டுவிட்டு இலையில் வைப்பார். பாசமாகத்தான் கேட்பார். ஆனாலும் பதில் சொல்லும்போது என் தலை தானாகக் குனியும். ஒரு வருஷம் வியாபாரம் நொடித்தது, வெள்ளிக்கிழமைச் சோறும் நின்றது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருந்தவரை கொடுத்தார்கள். எங்களுக்குத்தான் சனிக்கிழமையும் பசித்தது.

நீங்கள் ஒருநாளும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதில்லை. தட்டை நீட்டினால் சோறு விழும்.

ஆரம்பத்தில் மேலத்தெருக்காரர்கள் சிலர், உங்கள் கையால் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் தொடக்கூடாது என்றார்களாம். அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். வசதியானவர் ஒருவர் நடத்தும் பந்தியாக இருந்திருந்தால் மறுநாளே உங்களை மாற்றியிருப்பார்கள், கொடுப்பவர் ஊரை அனுசரித்துப் போக வேண்டுமே. உங்கள் கையில் அரசாங்க ஆர்டர் இருந்தது. ஹெட்மாஸ்டர் அதைக் காட்டி, "இவங்கதான் சமைப்பாங்க" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகளும் தட்டோடு வந்தார்கள். எல்லா ஊரிலும் இப்படி முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம் ஊரில் அந்த ஒரு தாள் நின்றது.

1989-இல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் எட்டாம் வகுப்பு, முதல் பந்தி. சூடு ஆறாத முட்டையை டவுசர் பைக்குள் போட்டேன். தொடையில் சுட்டது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"எதுக்குலே ஒளிக்க?"

"தங்கச்சிக்கு."

வாசல் பக்கம் கையைக் காட்டினீர்கள். மூணாம் வகுப்பு வரிசை வந்துகொண்டிருந்தது. "அவளுக்கு அவ முட்ட தனியா இருக்கு. நீ ஒன்னோடதத் தின்னு." எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் தட்டில் முட்டை விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என்னுடையதை உடைத்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பண்டமும் அதுவரை பங்கு பிரியாமல் வந்ததில்லை.

இப்படி அரசாங்கம் சோறு போடுவதைவிட, வரி கட்டுகிற பணத்தை நேராக ஏழைகள் கையில் கொடுத்தால் இன்னும் நன்றாகப் போய்ச் சேருமே என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நடுவில் கசிவது உண்மைதான். பூச்சி அரிசியை நீங்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த காலைகளை நான் மறக்கவில்லை. தனிமனிதர் தர்மத்தையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். 1867-இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1956-இல் பக்கத்து எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்க்காரர்கள் கொடுத்ததும் அதில் சேர்ந்திருந்தது. ஆனால் ஊருக்கு ஒரு வள்ளலார் கிடைப்பாரா? கிடைக்காத ஊரிலும் பிள்ளைகள் பிறக்கத்தானே செய்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் உத்தரவிட்ட செய்தியைப் படித்தபோது, கரி படிந்த உங்கள் சமையல்கூடம்தான் கண்ணில் வந்தது. எங்கள் அம்மா சோப்பும் எண்ணெயும் வாங்கும்போது கட்டிய விற்பனை வரியும் அந்தச் சட்டியில் கொதித்தது ஆயாம்மா. அதனால்தான் அங்கே தலை குனியாமல் சாப்பிட முடிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த நன்றி பொய்யாகிவிடும். இத்தனை வருஷம் புகையில் நின்றும், மற்ற அரசு ஊழியர்களைப் போன்ற சம்பளம் உங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. காலமுறை ஊதியமும் முறையான ஓய்வூதியமும் கேட்டுச் சத்துணவு ஊழியர்கள் தெருவில் உட்கார்ந்த செய்தியைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கூட்டத்தில் உங்கள் முகத்தைத் தேடுவேன். எங்கள் தட்டில் உரிமையாக விழுந்தது, உங்கள் கைக்கு மட்டும் தயவாகத்தான் வந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். பென்ஷன் காகிதங்களை எடுத்து வையுங்கள், எழுத வேண்டிய மனுவை உட்கார்ந்து எழுதிவிடலாம். தங்கச்சியும் வருகிறாள். அன்றைக்கு நீங்கள் அடுப்புப் பக்கம் போகக்கூடாது, பந்தியில் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
முட்டையை ஒளித்த பிள்ளை