முள் இறங்கியதும் நான் எழுதியது

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். அங்கே வற்றிப்போன கைப்பம்பு போர்வெல்லில் தண்ணீரை அழுத்திப் பாறை வெடிப்பைத் திறக்கும் வேலைக்கு நான்தான் பொறுப்பு. அந்த வேலையைப் பற்றிப் பதிவேட்டில் பொய் எழுதினேன்.

அந்த மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. கல்லுக்குள் தண்ணீர் தங்காது, வெடிப்புகளில்தான் ஓடும். வெடிப்பு வண்டலில் அடைத்துக்கொண்டாலோ, பக்கத்து வெடிப்போடு சேராமல் நின்றாலோ போர் வறண்டுவிடும். அதற்குத்தான் போரின் மேற்பகுதியில் இறக்கிய கேசிங் குழாய்க்குக் கீழே, கெட்டிக் கல்லில் பேக்கர் என்னும் ரப்பர் அடைப்பானை இறுக்கி, அதற்கு அடியில் தண்ணீரை அழுத்துவோம். எரிவாயுக் கிணறுகளைப் போல மணலும் ரசாயனமும் சேர்ப்பதில்லை. வெறும் தண்ணீர்தான்.

அழுத்தமானி முள் ஏறிக்கொண்டே போய், சட்டென்று இறங்கி, ஓரிடத்தில் நின்றால் வெடிப்பு திறந்திருக்கலாம். ஆனால் மேலே தெரியும் அழுத்தம் அப்படியே பாறைக்குப் போய்ச் சேராது. குழாயில் நிற்கும் தண்ணீர், பத்து மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் கூட்டும். ஓடும் தண்ணீரின் உராய்வு குறைக்கும். ஓட்டத்தை இரட்டித்தால் அந்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். பம்பை நிறுத்திய கணத்தில் உராய்வு போய்விடும். அப்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

அன்று முள் இறங்கியது. கூட இருந்தவர்கள் சந்தோஷத்தில் கூவினார்கள். அதே நேரம் கேசிங் வாயில் தண்ணீர் பொங்கி வழிந்தது. பேக்கர் பிடிக்காமல் அதன் ஓரமாகவே தண்ணீர் மேலே ஏறிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பேக்கரைத் தளர்த்தி, இன்னும் கீழே நல்ல கல்லில் இறக்கி, மறுபடி அழுத்தியிருக்க வேண்டும். ஆனால் இருட்டுவதற்குள் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர நினைத்தேன். "பாறை விரிந்தது" என்று எழுதினேன். நீர்வரத்தை அளக்காமலேயே, பழைய அளவைவிடக் கூடுதலாக ஓர் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

"தண்ணி வருமா தம்பி?" என்று குடத்தோடு நின்ற பாட்டி கேட்டார்.

"வரும் ஆயா" என்றேன். பதிவேட்டில் எழுதியதைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அவர் என்னை நம்பினார்.

1947ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஓர் எரிவாயுக் கிணற்றில், அழுத்திப் பாறையைத் திறக்கும் இந்த முறையை முதன்முதலில் சோதித்தபோது வரத்து கூடவில்லை. கூடவில்லை என்றே அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1949ல் வணிக அளவில் வேலை தொடங்கியது அதற்குப் பிறகுதான். பேக்கர் எந்த ஆழத்தில் நழுவியது என்று நான் எழுதியிருந்தால், அடுத்து வருபவர் அதற்குக் கீழே கல்லைத் தேடியிருப்பார்.

அடுத்த கோடையில் அந்தப் பம்பு காற்றைத்தான் தந்தது என்று கேள்விப்பட்டேன். பட்டியலில் அது சரிசெய்யப்பட்ட போர். மறுபடி வண்டி அனுப்பச் சொல்லி யாரும் கேட்க முடியாதபடி என் கையெழுத்து அதில் இருக்கிறது.