பாய்மரத்துக்கும் அளவு ஜாக்கெட்!

முண்டியம்பாக்கம் என்றால் சர்க்கரை ஆலையும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும்தான் ஞாபகம் வரும். கடல் பார்க்க மரக்காணமோ புதுச்சேரியோ போக வேண்டும். அங்கே வீட்டு வாசலில் தையல் மெஷின் போட்டிருக்கும் என் அம்மாவிடம் பாய்மரப் படகு பற்றிப் பேசியதற்குக் காரணம், நேத்ரா குமணன்.

சென்னைப் பெண் நேத்ரா, 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த போட்டியில் தகுதி பெற்று, பாய்மரப் படகில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35-வது இடம். 2024 பாரிஸில் 21. அவருடையது ஒற்றை ஆள் படகு. லேசர் ரேடியல் என்ற அதற்கு இப்போது ஐ.எல்.சி.ஏ 6 என்று பெயர். அதன் பாய்மரத்தை இழுத்துக்கட்ட ஒரு கம்பிகூட கிடையாது. படகிலுள்ள குழியில் செருகி, தலையணை உறை மாதிரி பாயை அதில் மாட்டிவிடுவார்கள். காற்று வலுத்தால், உயர்ந்த கரும்பு போல நுனி பின்னால் வளையும்.

வளைகிற கம்பத்துக்குத் துணியை எப்படி வெட்டுவது? வீடியோக்கள் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா போனில் படத்தைப் பார்த்தார். "நேரா வெட்டினா சுருக்கம் விழும்டி. வளைச்சு, துணி விட்டு வெட்டணும்."

அதேதான்! பாயின் முன் ஓரத்தை வெளிப்பக்கமாக லேசாகப் புடைத்து வெட்டுகிறார்கள். கம்பம் நேராக நிற்கும்போது அந்த உபரித் துணி பாய்க்குத் தொப்பை தரும். மெல்லிய காற்றில் இழுவை அதில்தான். காற்று வலுத்தால் கம்பம் வளைந்து உபரியை எடுத்துக்கொள்ளும், பாய் தட்டையாகும். துணியின் வளைவு கம்பத்தின் வளைவைவிடக் குறைந்தால் பாய் முழுக்க கோணல் சுருக்கம். கூடினால், பலத்த காற்றிலும் தொப்பை கரையாமல் படகு சாயும்.

"அப்ப ஒல்லிப் பொண்ணுக்கும் குண்டுப் பொண்ணுக்கும் ஒரே அளவா?"

நல்ல கேள்வி. ஆமாம், ஒரே அளவுதான். எல்லாருக்கும் ஒரே வடிவம். பிரித்துத் தைக்க விதி அனுமதிக்காது. பெண்களின் ஒலிம்பிக் பாய் 5.76 சதுர மீட்டர். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற ஐ.எல்.சி.ஏ 7-க்கு 7.06. கம்பத்தின் அடித்துண்டும் இன்னும் நீளம். மற்றபடி கயிறுகளை இழுத்து, தளர்த்தி, உடம்பைப் படகுக்கு வெளியே சாய்த்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

"ரெடிமேடுன்னு சொல்லு" என்றார் அம்மா. அந்த வார்த்தையில் அவர் குரல் இறங்கும். என் டிப்ளமோ ஃபீஸ் அந்த மெஷினிலிருந்து வந்தது. இப்போது புதுத் துணியைவிட, கடையில் வாங்கிய ஜாக்கெட்டைப் பிடித்துத் தரச் சொல்லி வருகிறவர்களே அதிகம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இவங்களாவது கயிறு வெச்சிருக்காங்க. கடை ஜாக்கெட்ல அந்த நாடாகூட சும்மா அழகுக்குத்தான்!"