முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை... ராயபுரம் டு எண்ணூர்!

"மலை ஏறப் போறேன்டா" என்றதும் என் மகன் சிரித்துவிட்டான். "தண்டையார்பேட்டையில பிராக்டீஸுக்கு மலைக்கு எங்கம்மா போவ? கொடுங்கையூர் குப்பைமேடுதான் இருக்கு!"

கிண்டல்தான், ஆனால் உண்மை. எங்கள் வட சென்னையில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம். நானோ தோழிகளோடு திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்குப் போகத் தேதி குறித்துவிட்டேன். வயது 52. முதுகுப்பையில் ஏழு கிலோ ஏற்றி, மொட்டைமாடிப் படிகளில் பத்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மகன்தான் வழி சொன்னான். "பாதியை முன்னாடி மாட்டும்மா. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல பசங்க பையை நெஞ்சுல மாட்டிக்கிட்டுத்தானே நிக்கிறாங்க?" முதுகுப்பையின் தோள்பட்டைகளிலேயே கொக்கி போட்டு மாட்டும் சின்ன நெஞ்சுப்பை ஒன்றையும் வாங்கி வந்தான். பின்னால் ஐந்து கிலோ, முன்னால் இரண்டு கிலோ. மலை இல்லாவிட்டால் என்ன, ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை சுமார் 14 கிலோமீட்டர் கடலோரம் இருக்கிறதே!

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் இது. இன்றைக்கும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழமையானது. அதன் தூண்களைப் பார்த்தபடி நடந்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. பாரம் முதுகில் மட்டும் இருந்தால் அது நம்மைப் பின்னால் இழுக்கும். விழாமலிருக்க உடம்பு முன்னால் குனியும். தலை நிமிர்ந்து பாதையைப் பார்க்கும்போது கழுத்து மடங்கும். என் கழுத்து வலிக்கு அதுதான் காரணம். முன்னால் கொஞ்சம் எடை வந்ததும், தராசுத் தட்டு சமமான மாதிரி முதுகு நிமிர்ந்துவிட்டது.

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தலையில் சும்மாடு வைத்து மீன்கூடையோடு வந்த ஓர் அக்கா என்னைப் பார்த்து நின்றார். "இன்னாக்கா, கைக்கொயந்தைய கட்டிக்கினு போற மாதிரி கீது?" விஷயத்தைச் சொன்னேன். "கனம் நேரா எலும்பு மேல எறங்கணும்க்கா. சாஞ்சுச்சுன்னா நோவுதான்" என்று சொல்லிவிட்டு, கூடையில் கை வைக்காமலே கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அவர் அனுபவத்தில் சொன்னதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். தத்தா, ராமநாதன் என்ற இரண்டு இந்தியர்கள், சுமையைத் தூக்கும் ஏழு முறைகளை ஒப்பிட்டு 1971-ல் 'எர்கோனாமிக்ஸ்' என்ற ஆய்விதழில் எழுதினார்கள். தலைச்சுமை, முதுகுப்பை, காவடி மாதிரித் தோள்தடி, கைச்சுமை எல்லாம் அதில் உண்டு. உடம்பு குறைவாகக் களைத்தது, முன்னும் பின்னும் பாரத்தைப் பிரித்தபோது. அதிகம் களைத்தது, கையில் தூக்கியபோது. காய்கறி மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பை தூக்கி வருகிறவர்கள் கவனிக்க!

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எல்லாம் முதுகில்தான். 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்து, மூட்டைகள் பெட்டிக்குள் போய்விட்டன. ஆனால் அப்பாவின் முதுகு கடைசிவரை நிமிரவில்லை. மலைக்கு ஆசையாகப் பை மாட்டுகிற எனக்குக் கொக்கி, பட்டை எல்லாம் கிடைக்கிறது. சோற்றுக்காகத் தூக்கியவருக்கு ஒரு கோணித் துணிதான் கிடைத்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், இன்னொரு பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். எட்டு மணிக்கே வெயில் சுட்டது. நெஞ்சில் பை ஒட்டியிருந்ததால் காற்றே புகவில்லை, சட்டை நனைந்துவிட்டது. கடலைப் பார்க்கலாமே என்று பாறைகளில் இறங்கினேன். இரண்டாவது பாறையில் கால் இடறியது. காரணம், என் பாதத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை, பை மறைத்துக்கொண்டிருந்தது. கையை ஊன்றித் தப்பித்தேன், உள்ளங்கை சிராய்த்ததோடு போயிற்று.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பர்வதமலையில் கடப்பாறைகளை அடித்து வைத்திருக்கும் செங்குத்தான பாறை ஒன்று உண்டு. கம்பியைப் பிடித்து, அடியைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இதே இடறல் அங்கே நடந்திருந்தால்? பையை வாங்கித் தந்த மகனுக்கு யார் பதில் சொல்வது?

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி கடலைப் பார்த்து இருக்கிறது. பெரும் வணிகராக இருந்து, அத்தனையையும் இறக்கிவைத்துவிட்டுப் போனவர். அதன் அருகே நிழலில் அமர்ந்து இரண்டு பைகளையும் கொட்டினேன். இரண்டாவது போர்வை, மூன்று டப்பா முறுக்கு, பெரிய பவர்பேங்க், எதற்கென்றே தெரியாத ஒரு டார்ச்... இரண்டு கிலோவுக்கு மேல் தேவையே இல்லாதவை! பள்ளிப் பிள்ளைகளின் பை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-ம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை. பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்கும் நாம், நமக்கு மட்டும் பார்ப்பதில்லை.

வேண்டாததைத் தனியாக மூட்டை கட்டினேன். பின்பக்கம் துணியும் உணவும் மட்டும். முன்பக்கம் தண்ணீர், மாத்திரை, போன், கடலைமிட்டாய். பை தட்டையாகி, குனியாமலே கால் விரல் தெரிந்தது. இதுதான் சரியான அளவு என்று முடிவு செய்தேன். ஏற்றத்திலும் சமதளத்திலும் நெஞ்சுப்பை. செங்குத்தான இறக்கமோ, கை ஊன்ற வேண்டிய பாறையோ வந்தால், அதைக் கழற்றி முதுகுப்பைக்குள் போட்டுவிட வேண்டும். ஒரே கையால், பார்க்காமலே கொக்கியைக் கழற்ற வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் கழிமுகத்துக்கு வந்தபோது மணி பதினொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து கறுத்துப்போன அதே தண்ணீர். இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் சிலர் சேற்றைத் தடவி, வெறுங்கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட, ஓலையில் முடைந்த கூடையைப் பல்லால் கவ்வியிருந்தார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், கூடையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடையில் வாங்கி நான் மாட்டியிருந்த நெஞ்சுப்பையின் வேலையை, அவர்கள் பற்கள் செய்துகொண்டிருந்தன.

கரையில் ஒரு பாட்டி காத்திருந்தார். வேண்டாம் என்று கட்டிய மூட்டையிலிருந்து முறுக்கு டப்பாக்களை எடுத்துக் கொடுத்தேன். "நீ சாப்பிடலியாம்மா?" என்றார். "எனக்கு இது பாரம் பாட்டி" என்றேன். சிரித்தார்.

எண்ணூரிலிருந்து வீட்டுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்தேன். பெட்டி நிறையக் கூட்டம். முதுகுப்பையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, பசங்களோடு பசங்களாக நெஞ்சுப்பையோடு நின்றேன். கழுத்து வலிக்கவில்லை. பர்வதமலைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது!