கடல் கடந்த அட்டை

தீவகத்து மக்களுக்குக் கடலைக் கடந்து வரும் பொருள் எதற்கும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று யாழ்ப்பாணத்துக் கடையில் எழுதப்பட்டிருப்பது. மற்றது, குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணத்தின் பின் நெடுந்தீவில் இறக்கி, வீட்டில் வைத்துப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே தெரியவருவது. சீமெந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பொருந்திவந்த இவ்விதி, ஓர் அப்பியாசக் கொப்பியளவே நீளமுள்ள வரைகலை அட்டைக்கும் பொருந்துமோ என்னும் வினா 2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரண்டு இளைஞரிடையே எழுந்து, இரண்டு மாதங்கள் வரை தீராத வழக்காக நீடித்தது.

இருவரும் மச்சான்மார். ஒருவன் நெடுந்தீவான், மற்றவன் ஊர்காவற்றுறையான். வெளியிலுள்ளோர் இவ்விரண்டு ஊர்களையும் 'தீவுப்பகுதி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். ஆயின், ஊர்காவற்றுறை பண்ணைத் தாம்போதியின் வழியே நகரோடு இணைந்தது. நாட்டின் மின்வலையமைப்போடும் இணைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் அவ்வலையமைப்புக்கு வெளியே நின்று, நெடுங்காலம் தத்தம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தவை. இம்மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டம் 2021 இல் முதலிற் சீன நிறுவனக் கூட்டொன்றுக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தின் பின் கைமாறி, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் புதிய ஒப்பந்தமாகக் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரம், 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரம் என்பன அதிற் குறிக்கப்பட்ட அளவுகள். இரண்டு பேரரசுகள் தன் அறை மின்குமிழுக்காகப் போட்டியிட்டதை அந்த நெடுந்தீவு இளைஞன் சிறிது பெருமையுடனேயே சொல்லிக்கொள்வான். எனினும் அவ்வாண்டின் சோளகக் காலத்தில் அவனது மேசைக்கு வந்துகொண்டிருந்தது டீசல் மின்சாரமே.

காசு அக்கா அனுப்பியது. தொரன்ரோவில் இரண்டு வேலைகள் செய்யும் அவள், தம்பி கேட்டதற்காக எண்பதாயிரம் ரூபா அனுப்பியிருந்தாள். நகரத்துப் படப்பிடிப்பாளர் சிலருக்குத் திருமண வீடுகளினதும் கோயில் திருவிழாக்களினதும் ஒளிப்பதிவுகளைத் தொகுத்துக் கொடுப்பது அவனது தொழில். பழைய கணினி 2023 இல் ஓர் இரவு மின்னழுத்தம் ஏறியிறங்கியபோது கருகிவிட, அலுவலகமொன்று கழித்து விற்ற மேசைக் கணினியொன்றை வாங்கிவைத்திருந்தான். அதில் வரைகலை அட்டை இல்லை. ஒரு மணி நேரத் திருமணப் படத்தை வெளியெடுக்க அது ஓர் இரவு முழுவதும் முனகியது. "தொழிலுக்கு" என்றே அக்காவுக்கு எழுதினான். அது பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

முழு உண்மை சனிக்கிழமை இரவுகளில் இருந்தது. அவனோடு படித்த தோழர் பலர் ஒருவர்பின் ஒருவராகக் கடல் கடந்துவிட்டனர். நெடுந்தீவில் இரவு ஒன்பது மணியாகும்போது கோடைகாலத் தொரன்ரோவில் முற்பகல் பதினொன்றரை. பாரிசில் மாலை ஐந்தரை. அந்த ஒரு வேளையில் மட்டும் ஐவர் ஒரு கணினி விளையாட்டினுள்ளே கூடுவர். சுடுவதும் ஓடுவதும் ஒரு பாதி; ஊர்க் கதை மறு பாதி. பெருக்கமரத்தடியில் கூடியிருக்கவேண்டியவர்கள் கற்பனைப் போர்க்களமொன்றின் சுவரோரத்தில் ஒதுங்கி நின்று, எவருடைய தங்கைக்குக் கலியாணம், எந்தக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று பேசிக்கொள்வர். அட்டை இல்லாத கணினியில் அந்தக் களம் கந்தல் கந்தலாக அசைந்தது. மற்றவர் சுவரைக் கடந்து போனபின்னரே இவனது திரையில் சுவர் தோன்றும். காத்திருக்கத் தோழர்கள் சலிக்கவில்லை. காக்கவைப்பதில் அவனுக்குத்தான் வெட்கம்.

வரைகலை அட்டையின் பணியை எண்களிற் கூறுவது எளிது. இன்று பரவலாகப் பயன்படும் திரையில் கிடையாக 1,920 புள்ளிகளும் நிலைக்குத்தாக 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. அசைவு கண்ணுக்கு இழையோடத் தோன்றவேண்டுமாயின் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் தீட்டிய சட்டகத்தைச் செக்கனுக்கு அறுபது முறையேனும் புதிதாக்குதல் வேண்டும். அஃதாவது செக்கனொன்றுக்கு 12 கோடிக்கு மேற்பட்ட நிறமுடிவுகள். சாதாரண மையச் செயலி சில பேரறிஞரைக் கொண்ட சபை எனின், வரைகலை அட்டை எளிய கணக்கை ஒரே வேளையிற் செய்யும் ஆயிரக்கணக்கான எழுதுவினைஞர் நிறைந்த மண்டபம். அம்மண்டபத்தில் எத்தனை பேர், அவர்களுக்குக் கோப்புகள் எவ்வளவு விரைவாக வந்து சேர்கின்றன, அவர்கள் எவ்வளவு மின்சாரம் உண்கின்றனர் என்பவற்றையே விலைப்பட்டியல்கள் தத்தம் பாஷையிற் கூறுகின்றன.

வழக்கில் நின்றவை இரண்டு. ஊர்காவற்றுறையான் பரிந்து பேசியது ஏ.எம்.டி. நிறுவனத்தின் றேடியன் ஆர்.எக்ஸ். 6600. இது 2021 ஒக்ரோபரில் 329 டொலர் விலையுடன் வெளிவந்தது. எதீரியம் என்னும் எண்ணிம நாணயத்தைத் 'தோண்டுவதற்காக' உலகெங்கும் வரைகலை அட்டைகள் வாரி வாங்கப்பட்ட காலம் அது. 2022 செப்ரெம்பர் 15 இல் எதீரியம் தன் கணக்கீட்டு முறையையே மாற்றிக்கொள்ள, அட்டைகளுக்கான அந்தப் போலித் தேவை ஒரே நாளில் அற்றுப்போயிற்று. பின்வந்த ஆண்டுகளில் 6600 புதிதாகவே ஏறத்தாழ 200 டொலருக்கு இறங்கியது. 8 கிகாபைற்று நினைவகம், செக்கனுக்கு 224 கிகாபைற்றுத் தரவோட்டம், 132 வாற்று மின்நுகர்வு என்பன அதன் இலட்சணங்கள்.

நெடுந்தீவான் நாடியது என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 3050. இங்கே ஓர் இடறுகல் உண்டு. இப்பெயரில் இரண்டு அட்டைகள் உள. 2022 சனவரியில் வந்த முதலாவது 3050 இல் 2,560 கணிப்புக் கருக்களும் 8 கிகாபைற்று நினைவகமும் உண்டு. 2024 பெப்ரவரியில் அதே பெயரோடு வந்த மற்றதில் கருக்கள் 2,304. நினைவகம் 6 கிகாபைற்று. தரவோட்டமோ 224 இலிருந்து 168 ஆகச் சுருங்கிவிட்டது. தகப்பனின் பெயரையே மகனுக்கு இட்டு, ஆவணத்தில் இன்னார் இன்னாரென்று குறிக்காது விடுவது போன்ற காரியம் இது. பெட்டியின் மூலையிலுள்ள 'ஆறு' என்ற எண்ணைப் பாராமல் வாங்கியவர், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வேகத்தைக் கடையிலேயே விட்டுச் செல்கிறார். பெரு நிறுவனமொன்று இவ்வாறு பெயரிடுவதை வாணிபத் தந்திரம் என்று சொல்லி நகர்ந்துவிட இயலாது.

அந்த இரண்டாவது, மெலிந்த அட்டைதான் நெடுந்தீவான் கேட்டது. ஊர்காவற்றுறையான் சிரித்தான்.

"உதை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்யப்போறாய் மச்சான்? அது அறுபது காட்டுற இடத்திலை 6600 தொண்ணூறு காட்டும். விலையிலை முப்பது டொலர்தான் வித்தியாசம்."

அவன் கூற்றிற் பிழையில்லை. பெரும்பாலான விளையாட்டுக்களில் வேக வேறுபாடு அந்த அளவினதே. டொலர் முந்நூறு ரூபாவை அண்டி நின்ற அவ்வாண்டில் முப்பது டொலர் என்பது ஒன்பதாயிரம் ரூபா. வரியும் இலாபமும் சேரச் சற்றுக் கூடும். அரைப்பங்கு வேகத்தை அந்த விலைக்கு விட்டுக்கொடுப்பவன் கணக்கறியாதவன் என்றே எவரும் சொல்வர். ஊர்காவற்றுறையான் தனக்கெனத் தயக்கமின்றி 6600 ஐ வாங்கினான். அவனைப் பொறுத்தவரை அது சரியான கொள்வனவு.

நெடுந்தீவானின் கணக்கு வேறோர் இடத்தில் தொடங்கியது. தாய்ப்பலகையில் அட்டை செருகப்படும் பொருத்துவாய் தன்னளவில் வழங்கக்கூடிய மின்வலு உச்ச அளவாக 75 வாற்று மாத்திரமே. 132 வாற்று உண்ணும் 6600 க்கு எஞ்சியதை மின்வழங்கிப் பெட்டியிலிருந்து தனி வடத்தின் மூலம் கொடுத்தாக வேண்டும். அலுவலகம் கழித்த கணினியில் அத்தகைய வடமே இல்லை. அதன் மின்வழங்கி 240 வாற்றுக்குரியது. அவ்வகைக் கணினிகளில் பலவற்றின் மின்வழங்கி தனி வடிவினதாகலின், கடையிற் கிடைக்கும் பொதுவான ஒன்றை அதனிடத்திற் பொருத்தவும் இயலாது. பொருத்தப் புகுந்தால் தாய்ப்பலகை, கூடு என்று மாற்றம் பரந்துகொண்டே செல்லும். 6 கிகாபைற்று 3050 உண்பதோ 70 வாற்று. பொருத்துவாயிற் செருகினால் வேலை முடிந்தது. ஒன்பதாயிரம் ரூபா என்று தொடங்கிய வேறுபாடு, நெடுந்தீவு மேசைக்கு வந்து சேரும்போது முப்பதாயிரத்தையும் கடந்துவிடும் என்று அவன் கொப்பியில் எழுதிக் காட்டினான்.

மின்கட்டணத்தையும் அவன் முதலில் தன் பக்கச் சாட்சியாக அழைத்திருந்தான். அது நிலைக்கவில்லை. 62 வாற்று வேறுபாடு, நாளுக்கு நான்கு மணி நேரம் என்றாலும் மாதத்துக்கு ஏழரை அலகை எட்டாது. "இதுக்கே அழுகிறாய்?" என்று மச்சான் கேட்க, அந்த வரியைத் தானே வெட்டிவிட்டான். நின்றது மற்றொன்று: மின்சாரம் நின்றபின் யூ.பி.எஸ். பெட்டி தாங்கும் நிமிடங்கள். சிறிய பெட்டியொன்றின் மின்கலம் 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி. 84 வாற்று-மணிதான் அதன் முழுச் சேமிப்பு. அதிலும் ஒரு பகுதி மாற்றத்தில் வீணாகும். கணினி குறைவாக உண்டால், தொகுத்துக்கொண்டிருக்கும் மணமக்களைச் சேமித்துவைத்து முறைப்படி நிறுத்துவதற்கு அவகாசம் கிட்டும். முன்பொரு முறை அவகாசம் கிட்டாமற்போய், ஒரு முழுத் தாலிகட்டை மீண்டும் தொகுக்க நேர்ந்ததை அவன் மறக்கவில்லை.

தொழில் என்ற வகையில் என்விடியா அட்டைக்கு மற்றொரு நியாயமும் இருந்தது. ஒளிப்பதிவைச் சுருக்கிக் கோப்பாக்குவதற்கென அதனுள் அமைந்த தனிச் சுற்று நன்கு தேறியது. தொகுப்பு மென்பொருள்கள் பலவும் அதனை நன்கு அறிந்தவை. விளையாட்டிலும், 1,280 க்கு 720 என்ற சிறிய படத்தை வரைந்து அதனைப் பெரிதாக்கி நிரப்பும் டி.எல்.எஸ்.எஸ். உத்தி இவ்வட்டைக்கு உண்டு. அவ்வேளை வரையவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் குறைவு. எனினும் ஆறு கிகாபைற்று நினைவகம் புதிய பெரும் விளையாட்டுக்களில் மூச்சுத் திணறும் என்பதை அவனும் மறுக்கவில்லை.

இந்த வழக்கில் மிக நுண்ணிய வாதத்தை எடுத்துரைத்தவர் இருவருமல்லர். பாரிசிலிருந்து ஒரு சனிக்கிழமை இதனைக் கேட்டுக்கொண்டிருந்த தோழனே. செக்கனுக்கு அறுபது சட்டகம் எனின் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிசெக்கன், தொண்ணூறு எனின் 11.1. இரண்டு அட்டைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஆறு மில்லிசெக்கனுக்கும் குறைவு. தொரன்ரோவுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலோ 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றரே செல்லும். நேர்கோட்டில் இழை இட்டிருந்தாலும் போய்வர 130 மில்லிசெக்கன் கழிந்துவிடும். உண்மையில் இழைகள் நேர்கோட்டிற் செல்வதில்லை. "நீங்கள் ஆறுக்குச் சண்டை பிடிக்கிறியள். நூற்றிமுப்பதை ஆர் விக்கிறான் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ," என்றான் அவன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

யூலை மாதத்தில் அட்டை வந்தது. நகரத்துக் கடைக்காரர் கட்டிக்கொடுத்த பெட்டியின் மேல் அவன் இரண்டு பொலித்தீன் பைகளைச் சுற்றி, மடியில் வைத்தே கொண்டுவந்தான். சோளகம் கடலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. படகின் முன்பக்கத்தில் இருந்தவர்கள் நனைந்தார்கள். உப்பு நீர் ஒரு துளி பட்டாலும் செப்புத் தடங்கள் பச்சை பூக்கும் என்று அறிந்தவன் குனிந்தே இருந்தான். துறைமுகத்தில் காத்துநின்ற தந்தையார் பெட்டியைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தார். படகு இயந்திரத்துக்கு ஒரு பாகம் வாங்கவேண்டியிருந்ததை அவர் அக்காவுக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை. வீட்டில் தாயார் வாய்தவறிச் சொன்னபோதுதான் தெரியவந்தது.

"பாரமில்லையே. இதுக்கே எழுபதினாயிரம்?" என்று மட்டும் கேட்டார்.

ஆவணி மாதத்துக் கலியாணங்கள் இரண்டைத் தொகுத்த காசில் முதலில் அந்தப் பாகம் வாங்கப்பட்டது. இரவு முழுவதும் ஓடிய வேலை இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது.

அதன் பின்னர் வந்த முதற் சனிக்கிழமை ஐவரும் கூடினர். களம் கந்தலின்றி அசைந்தது. சுவர்கள் உரிய நேரத்தில் தோன்றின. திரையின் மூலையில் எண் அறுபதை அண்டி ஏறியிறங்கியது. ஒன்பதே முக்காலுக்கு அறை விளக்கு ஒருமுறை சிவந்து அணைந்தது, யூ.பி.எஸ். பெட்டி கீச்சிடத் தொடங்கியது. ஏழு நிமிடம் விளையாடி, எட்டாவது நிமிடத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டு, அவன் முற்றத்துக்கு வந்தான். தந்தையார் இருட்டில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். கைபேசியில் ஊர்காவற்றுறையானின் செய்தி வந்தது: "நாலு பேரும் நிண்டுகொண்டிருக்கிறம். எவ்வளவு நேரம்?"

"கரண்ட் வரட்டும்," என்று எழுதி அனுப்பிவிட்டு, கைபேசி விளக்கைத் தந்தையாரின் கைகளை நோக்கிப் பிடித்தான்.