சர்க்கரைச் செம்பும் என்னோட எக்செல் ஷீட்டும்

"மச்சான், இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போயிட்டு ஒரே நாள்ல திரும்பிடலாமா?" நம்ம ஹாஸ்டல்ல ஏப்ரல் மாசம் ஆனா இந்தக் கேள்வியை யாராவது கேட்டுருவாங்க. நீங்களும் கேட்டிருப்பீங்க. ரெண்டு நாள் பேசுவோம், வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிப்போம், அப்புறம் செமஸ்டர் டைம்டேபிள் வந்துடும். குரூப் மட்டும் அப்படியே கிடக்கும்.

நான் 2025-ல நிஜமாவே போனேன். ஃப்ரெண்ட்ஸோட இல்லை, எங்க அப்பத்தாவோட. அப்பத்தாவுக்கு வயசு 74, ரெண்டு முட்டியும் தேய்மானம். கையில ஒரு பித்தளைச் செம்பு. நீங்க பிளான் போடுறப்ப உதவும்னுதான் இதை எழுத ஆரம்பிச்சேன். ஆனா பாதி பிளான், பாதி வேற விஷயமா வந்துருக்கு. பொறுத்துக்கோங்க. தமிழ் மீடியத்துல படிக்காதவன், எழுத்துப் பிழை இருந்தா அதையும்.

எங்க ஊர் வலையபட்டி. செட்டிநாட்டு ஊருக்கே உரிய மாதிரி தெருவுக்கு நாலு பெரிய வீடு, அதுல மூணு பூட்டிக் கிடக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போற நகரத்தார் கூட்டத்தைச் சின்ன வயசுலேருந்து பாத்து வளந்தவங்க நாங்க. அதனால மதுரைக்கு பஸ்ல போறதுக்கு நான் எக்செல் ஷீட் போட்டதை வீட்டுல யாரும் மதிக்கல.

செம்புக் கதையைச் சொல்லிடறேன். 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை. எங்க ஐயாவுக்கு (அப்பாவோட அப்பாவை எங்க வீட்டுல ஐயான்னுதான் கூப்பிடுவோம்) ஆக்சிஜன் அளவு இறங்கிடுச்சு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அந்த வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் அழகர் வைகைக்கு வரல, கோயிலுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுடுச்சு. அப்பத்தா வாசல்ல நின்னு மதுரை இருக்கிற திசையைப் பாத்து வேண்டிக்கிச்சு: "மனுஷன் வீட்டுக்கு வந்துட்டா, நீ அடுத்து வெளிய வர்றப்ப சர்க்கரைச் செம்பு எடுக்குறேன்."

ஐயா வீட்டுக்கு வந்துட்டாரு.

சர்க்கரைச் செம்புன்னா தெரியாதவங்களுக்கு: செம்பு நிறைய சர்க்கரை போட்டு, மேல வாழை இலையைக் கட்டி, அதுமேல சூடம் ஏத்தி, அழகர் வர்றப்ப கையில ஏந்திக் காட்டுவாங்க. அப்புறம் அந்தச் சர்க்கரையைச் சுத்தி நிக்கிறவங்களுக்குக் கொடுத்துடணும். மொட்டை, வேஷம் கட்டுறது, தோல் பையில தண்ணி நிரப்பி அழகர் மேல பீய்ச்சுறது மாதிரி இதுவும் ஒரு நேர்த்திக்கடன்.

2022-ல போகலாம்னு இருந்தப்ப எனக்கு பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாம் பக்கத்துல வந்துடுச்சு. அந்த வருஷம் ஏப்ரல் 16 அன்னிக்கு அழகர் ஆத்துல இறங்குன நேரத்துல நெரிசல்ல சிக்கி ரெண்டு பேர் இறந்துட்டாங்க. ரெண்டு வருஷம் அடைச்சு வச்சிருந்த ஜனம் மொத்தமா வந்த கூட்டம் அது. டிவியில அதைப் பாத்துட்டு அப்பா சொன்னாரு, "இனிமே இந்தப் பேச்சே வேணாம்."

2023-ல ஐயாவே என்கிட்ட கேட்டாரு. "தம்பி, நீ கூட வந்தா உங்கப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நான் ஒரு ஓரமா நிக்கிறேன், அவ செம்பு எடுக்கட்டும்." எனக்கு ஃபர்ஸ்ட் இயர் செமஸ்டர். "அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம் ஐயா"ன்னு சொன்னேன். அந்த வருஷம் ஐப்பசியில ஐயா தூக்கத்துலயே போயிட்டாரு. கொரோனாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. 2024-ல வீட்டுல யாருக்கும் திருவிழா நினைப்பு இல்லை.

2025 சித்திரை பிறந்ததும் அப்பத்தா செம்பைப் பரண்லேருந்து இறக்கச் சொல்லுச்சு. எனக்குப் புரியல. யாருக்காக வேண்டிக்கிச்சோ அவரே இல்லையே. வாய்விட்டே கேட்டுட்டேன். அப்பத்தா கோவப்படல. "அன்னிக்குக் கேட்டேன், கொடுத்தான். அதுக்குண்டான கடன் இருக்கு. அப்புறம் எடுத்துக்கிட்டது வேற கணக்குடா" அப்படின்னுச்சு. வட்டிக்கடைப் பேரேடு மாதிரி ரெண்டும் தனித்தனிப் பக்கம். இதுக்கு மேல நான் என்ன பேச?

சரி, பிளானுக்கு வருவோம்.

முதல்ல தேதி. 2025-ல மீனாட்சி திருக்கல்யாணம் மே 8, தேரோட்டம் மே 9, அழகர் ஆத்துல இறங்கினது மே 12. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வர்றதால இது வருஷா வருஷம் மாறும். நம்மள்ல பல பேர் இதை ஒரே கோயில் திருவிழான்னு நினைச்சுட்டு இருக்கோம். மீனாட்சி கல்யாணம் மதுரைக்குள்ள நடக்குற சைவத் திருவிழா. அழகர் மதுரைக்கு 21 கிலோமீட்டர் வடக்கே அழகர்மலையிலேருந்து கிளம்பி வர்ற பெருமாள். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்த அண்ணன், வர்றதுக்குள்ள தாலி கட்டியாச்சுன்னு கேள்விப்பட்டு ஆத்தோட திரும்பிப் போயிடறாருன்னு ஜனங்க சொல்ற கதை. கோயில்காரங்க சொல்ற காரணம் வேற: தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக மகரிஷிக்கு மோட்சம் கொடுக்க வர்றாரு. முன்னாடி அழகர் தேனூர்ப் பக்கம் வைகைக்குப் போயிட்டு இருந்தாருன்னும், 17-ஆம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர்தான் ரெண்டையும் சித்திரையில சேத்து வச்சாருன்னும் சொல்வாங்க. இப்பவும் வண்டியூர்ப் பக்கம் மோட்சம் கொடுக்கிற மண்டபத்துக்குப் பேர் தேனூர் மண்டபம்தான். இன்னும் வேணும்னா தொ. பரமசிவனோட 'அழகர் கோயில்' புத்தகத்தை எடுங்க. 1989-ல மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போட்டது. அது அவரோட பிஎச்.டி. ஆய்வு. நம்ம பிராஜெக்ட் ரிப்போர்ட்டையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாத்துடாதீங்க, வருத்தமா இருக்கும்.

என்னோட முதல் பிளான் எல்லாரும் போடுற பிளான்தான். விடியக்காலை ஆறு மணி வாக்குல தங்கக் குதிரையில அழகர் ஆத்துல இறங்குறப்ப ஏ.வி. பாலம் பக்கத்துல நிக்கணும். அதுக்கு முந்தின ராத்திரியே போய் இடம் பிடிக்கணும். ஷீட்ல "உட்கார இடம்", "கழிவறை", "நெரிசல்னா வெளியேறுற வழி"ன்னு மூணு காலம் போட்டிருந்தேன். மூணுலயும் எழுத ஒண்ணுமே இல்லை. லட்சக்கணக்கான ஆளுங்க, ஒரே இடம், ஒரே நேரம். முட்டி வலிக்காரரைக் கூட்டிட்டுப் போறதுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

அப்பத்தாகிட்ட, "முடியாது போல"ன்னு சொன்னப்ப அது சிரிச்சுச்சு. "ஆத்துக்கு எதுக்குடா போகணும்? அவன் மலையிலேருந்து ஆறு வரைக்கும் நின்னு நின்னுதானே வர்றான். வர்ற வழியில பாத்தா ஆகாதா?"

சின்ன வயசுல கூடு வண்டி கட்டி, புளியோதரை கட்டிக்கிட்டு, ரெண்டு ராத்திரி ரோட்டோரத்துல தங்கிப் பாத்துட்டு வந்த ஆளு அது. நான் யூடியூப்ல ட்ரோன் ஷாட் பாத்தவன்.

யோசிச்சுப் பாருங்க, அதுதான் சரி. அழகர் வர்ற வழியில 400-க்கும் மேல மண்டகப்படி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் பல்லக்கு நிக்கும். நாம எல்லாரும் ஒரே நிமிஷத்தைப் பிடிக்க முட்டி மோதுறோம். லோட் பேலன்சிங் ஏற்கனவே பண்ணி வச்சிருக்காங்க, கிளாஸ்ல படிச்ச நமக்குத்தான் அது கண்ணுல படல.

ஆக பிளான் மாறுச்சு. ஆத்துல இறங்குறதுக்கு முந்தின நாள் எதிர்சேவை. மதுரைக்காரங்க ஊர் எல்லைக்கு வந்து அழகரை எதிர்கொண்டு கூட்டிட்டுப் போறது. அது மூன்று மாவடியில நடக்கும். எங்க பக்கத்து பஸ் மேலூர் வழியா வந்து நிக்கிற மாட்டுத்தாவணியிலேருந்து அது ரொம்பப் பக்கம். ஊருக்குள்ள நுழையவே தேவையில்லை. நீங்க திருச்சி, காரைக்குடி பக்கத்துலேருந்து வர்றவங்களா இருந்தா இதை யோசிச்சுப் பாருங்க.

மே 11, ஞாயித்துக்கிழமை. மூணு மணிக்கு தெரிஞ்ச ஆட்டோ அண்ணன் வந்து திருப்பத்தூர்ல இறக்கி விட்டாரு. அங்கேருந்து மதுரை பஸ். கண்டக்டர் வந்தப்ப, "பொம்பளைகளுக்கு ஃப்ரீதானே?"ன்னு அப்பத்தா கேக்க, "டவுன் பஸ்ல மட்டும்தான் ஆத்தா"ன்னு அவரு சொல்ல, மேலூர் வர்ற வரைக்கும் அரசாங்கத்தைத் திட்டிக்கிட்டே வந்துச்சு. செம்பு மடியில. நாட்டுச்சர்க்கரை என் பையில.

மாட்டுத்தாவணியில இறங்கினப்ப வெளிச்சம் வந்துடுச்சு. ஆட்டோ எதுவும் அந்தப் பக்கம் விட மாட்டாங்கன்னாங்க. நடை. ஷீட்ல இதுக்கு 30 நிமிஷம் போட்டிருந்தேன். அப்பத்தா நூறு அடிக்கு ஒரு தடவை நின்னுச்சு. ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. அழகர் எங்க இருக்காருன்னு பாக்க போலீஸ் விட்டிருந்த 'டிராக் அழகர்' ஆப்பைத் திறந்தேன். கூட்டத்துல நெட்வொர்க்கே இல்லை, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. எதிர்ல வர்றவங்க சிலர் நெத்தியில நாமத்தோட திரும்பிப் போயிட்டு இருந்தாங்க. அவ்வளவுதான், பல்லக்கு தாண்டிடுச்சுன்னு நினைச்சேன். நாலு வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில அரை மணி நேரத்துல தவற விட்டுட்டேனேன்னு கண்ணு கலங்கிடுச்சு. 2023-ல ஐயா கேட்டது வேற அந்த நேரம் பாத்து ஞாபகம் வந்துச்சு.

அப்பத்தா ஒரு நீர்மோர்ப் பந்தல் பெஞ்சுல உக்காந்து மோர் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. "எதுக்குடா முகத்தைத் தூக்கி வச்சிருக்க? கொட்டுச் சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?"

அப்பதான் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் வடக்கேருந்துதான் வந்துச்சு. இன்னும் வரல.

பூ வித்துட்டு இருந்த ஒரு அக்கா, அடுத்த மண்டகப்படி அந்த வேப்ப மரத்துக்கிட்டதான், அங்க நின்னா நெரிசல் இருக்காதுன்னு கையைக் காட்டுனாங்க. அங்க போய் ஒரு திண்ணையில உக்காந்தோம். அப்பத்தா சர்க்கரையைக் கொட்டி, இலையைக் கட்டி, பக்குவமா வேலையைப் பாத்துச்சு. எனக்கு வேலையே இல்லை.

முதல்ல வேஷக்காரங்க வந்தாங்க. தலையில பெரிய குல்லா, கையில திரி. அப்புறம் தோல் பையோட தண்ணி பீய்ச்சுறவங்க. மோட்டார் பம்ப் வச்சு அடிக்கக் கூடாதுன்னு தடை இருக்கு, அதனால மேல விழுந்தது சில்லுன்னு ரெண்டு சொட்டுதான். அப்புறம் பல்லக்கு. மலையிலேருந்து கிளம்புறப்ப அழகர் கள்ளர் கோலத்துல, கண்டாங்கி உடுத்தி வர்றாருன்னு நான் படிச்சிருந்தேன். கண்டாங்கி! எங்க காரைக்குடிச் சேலை, 2019-ல புவிசார் குறியீடு வாங்குனது, அப்பத்தா தினமும் கட்டுறது. அன்னிக்கும் அதைத்தான் கட்டியிருந்துச்சு.

சூடம் ஏத்துனதும் அப்பத்தா கை ஆடுச்சு. செம்பு கனம். "நீ பிடி"ன்னு என் கையில கொடுத்துச்சு. நான் தூக்கினேன், அது என் முழங்கையைப் பிடிச்சுக்கிச்சு. பெருசா ஒண்ணும் வேண்டிக்கல. ஐயா பேரை ஒரு தடவை சொல்லுச்சு. ஊர்ல புருஷன் பேரைச் சொல்லாத தலைமுறை அது. அவர் பேரை அப்பத்தா வாயிலேருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம், "சரியாப் போச்சு" அப்படின்னுச்சு. பல்லக்கு நகர்ந்துடுச்சு. மொத்தமே ரெண்டு மூணு நிமிஷம்.

சர்க்கரையைச் சுத்தி இருந்த பிள்ளைங்க கையில கொடுத்தோம். ஒரு போலீஸ்கார அக்காவும் கையை நீட்டுனாங்க.

நீங்க போறதா இருந்தா சில விஷயம்: நடக்குற நேரத்தை ரெண்டால பெருக்கிக்கோங்க, பெரியவங்க கூட வந்தா மூணால. சில்லறை வச்சுக்கோங்க, கூட்டத்துல யுபிஐ வேலை செய்யாது. தண்ணியும் சாப்பாடும் தூக்கிட்டுப் போக வேண்டாம், பந்தல்ல வாங்கி மாளாது. நாங்க காலையில பொங்கல், புளியோதரை, ஒரு தர்பூசணி எல்லாம் காசே இல்லாம சாப்பிட்டோம். செல்போன் எண்ணை ஒரு சீட்டுல எழுதி பெரியவங்க இடுப்புல செருகி விடுங்க. அப்பத்தா, "நான் என்ன குழந்தையா?"ன்னு கேட்டுச்சு, ஆனா செருகிக்கிச்சு. செருப்பைக் கழட்டாதீங்க, கழட்டினா அது உங்களோடது இல்லை.

மத்தியானம் பஸ் ஏறி, விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டோம். அப்பத்தா செம்பைப் புளி போட்டு விளக்கி, ஐயா போட்டோவுக்குக் கீழ கவுத்து வச்சுச்சு.

மறுநாள் விடியக்காலை ஆறு மணிக்கு முன்னாடியே எழுந்து டிவியைப் போட்டேன். வைகை அணையிலேருந்து விட்ட தண்ணி ஆத்துல ஓடுது, தங்கக் குதிரை இறங்குது, கரை முழுக்கத் தலை. அப்பத்தாவை எழுப்பலாம்னு போனேன். முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, லேசா குறட்டை விட்டுத் தூங்கிட்டு இருந்துச்சு. டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு நான் மட்டும் உக்காந்து பாத்தேன்.