நிற்பனவும் இயங்குவனவும்

இயங்கும் பொருளின் விரைவை எமக்கு உணர்த்துவது அதனருகே நிற்கும் பொருளேயாம். இவ்வுண்மையை யாம் தெளிந்தது நூலிலன்று; ஒரு விளையாட்டு மேசையிலே.

இலண்டனில் வாழும் எம் தமையனாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. விடுமுறையில் அவரிடம் சென்றிருந்தபோது, அவர்தம் மகன் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்னும் பந்தயக் கார்த்தடத்தை மேசைமேற் பரப்பியிருந்தான். அது 1957 இல் இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பாரால் அறிமுகஞ் செய்யப்பட்டது. தடத்திலுள்ள ஒடுங்கிய பிளவிற் காரின் அடிமுளை பொருந்தும்; பிளவின் இருமருங்குமுள்ள உலோகக் கீற்றுக்கள் மின்சாரம் ஊட்டும்; கைவிசையை அழுத்துமளவிற்கு வேகம் மிகும். தடம் இருந்தது, அதனைச் சூழ ஊர் இல்லை. கடையில் விற்குங் கட்டடங்கள் விலை மிக்கவை என்று அவன் ஆங்கிலத்திற் குறைகூறினான். யாமே கட்டுவோம் என்றோம்.

முதலில் வேண்டுவது அளவு. அக்கார்கள் மெய்க்காரில் 32 இல் ஒரு பங்கின. ஆகவே ஆறடி மனிதன் இரண்டேகால் அங்குலம். எட்டடிச் சுவர் மூன்று அங்குலம். உணவுப்பெட்டி அட்டைகள் பார்வையாளர் மாடமாயின. தீப்பெட்டிகள் பழுதுபார்க்குங் கொட்டிலாயின. கசக்கிய பத்திரிகைத்தாளின்மேற் பசை தோய்ந்த தாட்கீற்றுக்களை ஒட்ட மலை எழுந்தது. பச்சைச் சாயமூட்டிய மரத்தூள் புல்லாயிற்று. ஒட்டாத தூள் காரின் மோட்டாருட் புகாதவாறு அதனைத் தூரிகையால் அகற்றினோம். வளைவுகளிற் காரின் பின்புறம் வெளியே வீசுமாதலின் அங்கே சுவரை விலக்கி வைத்தோம். தடம்புரண்ட காரை எடுத்து நிறுத்தக் கை செல்லவும் இடம் விட்டோம்.

மகனுக்குத் தமிழ் விளங்குமேயன்றிப் பேச வராது என்பது தமையனாரின் நெடுநாட்கவலை. யாம் பாடம் எதுவும் நடத்தினோமல்லோம். "அட்டையை மடி", "கூரையைப் பிடி", "பசை காயட்டும்" என்று வேலையைத் தமிழில் ஏவினோம், அவ்வளவே. மூன்றாம் நாட்காலை அவன் மலையைத் தொட்டுப் பார்த்து, "சித்தப்பா, இன்னும் காயேல்லை" என்றான். அடுக்களையில் நின்ற தமையனார் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசினாரல்லர்.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவ நண்பர்காள்! நும் மக்கள் விரைந்தோடும் உலகில் வளர்பவர்கள். அவர்தம் ஓட்டத்தைத் தடுத்தல் வேண்டா. அருகே நிற்பன சிலவற்றை அவரோடு கூடிக் கட்டுமின். கட்டும்பொழுது தமிழிற் பேசுமின்.